இடக்கைத் தாம்பூலம்

என் கல்யாணம் ஒரு தடவை நின்றுபோனது. சீர் குறைந்ததால் இல்லை, ஜாதகம் பொருந்தாததால் இல்லை, மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் குடும்பம் இருப்பதாக யாரும் வந்து கோள் மூட்டவும் இல்லை. எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தில், செத்து மண்ணாகிப்போன ஒருவர், செத்து மண்ணாகிப்போன இன்னொருவருக்கு இடது கையால் வெற்றிலை பாக்கு கொடுத்தார். அதற்காக நின்றது. இதைச் சொன்னால் இன்றைக்கும் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளைக்காரன் காலம் அது. எங்கள் ஊர் பருத்திப்பட்டு. பூந்தமல்லியில் பட்டாளம் இருந்தது. அங்கே இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது அவர் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். என் அப்பா, நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிவர வண்டி கட்டிக்கொண்டு போனார். வீட்டில் ஆணியெல்லாம் அடித்துவைத்துவிட்டுத்தான் போனார். கடிகாரம் வேறு யாருக்கோ போய்விட்டது. வெறுங்கையோடு வந்தால் தெருவில் கேலி பேசுவார்கள் என்று, கண்ணாடி போட்ட ஒரு படத்தை வாங்கிவந்து அதே ஆணியில் மாட்டினார். கொஞ்ச நாள் வரைக்கும் மணி பார்க்க நினைத்து அதை நிமிர்ந்து பார்ப்பார். அப்புறம் ஏதோ முனகிக்கொண்டே வாசலுக்குப் போய் வெயிலைப் பார்ப்பார்.

படத்தில் வண்ணம் கிடையாது. எல்லாம் தலைமுடி கனத்தில் கறுப்புக் கோடு, கோட்டின்மேல் கோடு. உற்றுப் பார்த்தால் அந்தக் கோடுகளுக்குள்ளிருந்து ஒரு ஏரிக்கரை வரும். ஒரு பனைமரம். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். எதிரே தலைப்பாகையோடு, ஒரு கையில் தடியை ஊன்றி, மறு கையால் அவருக்கு வெற்றிலை நீட்டும் இன்னொருவர். கட்டிலுக்கு அடியில் நாய். ஓரமாக, இடுப்பில் குடத்தோடு நடந்துபோகிற ஒரு பெண். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தபால்காரர் படித்துச் சொன்னார்: பூந்தமல்லிக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில், குடியானவர்கள். கூடவே போன நூற்றாண்டு வருஷம் ஒன்று. ஒருத்தர் பெயரும் இல்லை.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஏரி இல்லாத ஊர் எது? தடுக்கி விழுந்தால் ஏரியில்தான் விழ வேண்டும். ஆனால் நைனா ஒரே மாதத்துக்குள் அது பருத்திப்பட்டு ஏரிதான் என்றும், கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் தன்னுடைய முப்பாட்டனார்தான் என்றும் தீர்மானத்துக்கு வந்துவிட்டார். ஆதாரம் காது. எங்கள் வீட்டு ஆண்களுக்குக் காது கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படத்தில் இருந்தவருக்கும் அப்படி. எனக்கென்னவோ அது தலைத்துணியின் முனை அவிழ்ந்து தொங்குகிற மாதிரித்தான் தெரிந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? நைனா அமாவாசைக்கு அமாவாசை அவருக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூப்போட ஆரம்பித்தார். கண்ணாடிமேல் பொட்டு வழிந்து நாய்க்கும் கொஞ்சம் கிடைத்தது.

இப்படி இருக்கும்போதுதான் நூம்பலிலிருந்து எனக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள்.

மாப்பிள்ளையை நான் முன்பே பார்த்திருந்தேன். அம்மாவோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, வேலப்பன்சாவடியில் பெரிய சாலைக்கு நடுவே வண்டியில் பூட்டியிருந்த ஒரு மாடு அப்படியே படுத்துக்கொண்டது. முன்னும் பின்னும் வண்டிகள். துரைமார் கார் ஒன்று ஊதிக்கொண்டே நின்றது. அந்த மாட்டுக்காரர் சாட்டையை எடுக்கவில்லை, வாலை முறுக்கவில்லை. மாட்டுக்குப் பக்கத்திலேயே சாலையில் தானும் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். "அதுக்கும் காலு வலிக்கும் இல்ல?" என்றார், திட்டினவர்களைப் பார்த்து. மாடு எழுந்தபோது அவரும் எழுந்தார். அவர்தான் நூம்பல் மாப்பிள்ளை என்று தெரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

நிச்சயத் தாம்பூலத்துக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை, அந்த வழக்கம் இல்லை. அவருடைய அப்பா வந்தார், மீசை முன்னால் வர, தான் பின்னால் வருகிற ஆள். கூடவே அவருடைய அக்கா, எனக்குப் பெரியத்தை ஆகப்போகிறவர். வெற்றிலைத் தட்டுகள் நடுக்கூடத்தில் வைத்தாயிற்று. மாமனார் ஆகப்போகிறவர் உட்காராமல் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குப் பார்த்தார். அப்புறம் கூடம் அதிரச் சத்தம் போட்டார்.

"அக்கா, இங்க வா! இது எங்க முப்பாட்டனாரு! நின்னுகினு கீறாரே, இவரு! இந்த மூக்கைப் பாரு. இந்த மூக்கு எங்க ஊட்டைத் தவிர வேற எங்க கீது?"

நைனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை அந்த நிற்கிற ஆளை யாரோ வழிப்போக்கர் என்று விட்டுவைத்திருந்தார். "அது எப்டி? இது பருத்திப்பட்டு ஏரியாச்சே" என்றார்.

"இன்னா பேசறே? இந்தப் பனைமரம் இன்னிக்கும் நூம்பல்ல நிக்குது. வந்து பாரு."

பனைமரத்தை வைத்துக் கொஞ்ச நேரம், ஏரிக்கரை வளைவை வைத்துக் கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. நான் கதவுக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அம்மா நைனாவைப் பார்த்த பார்வையில் அவர் இறங்கிவந்தார். நிற்கிறவர் அவர்கள் முப்பாட்டனார், உட்கார்ந்திருப்பவர் எங்கள் முப்பாட்டனார், ஏரி பொது. மாமனார் மூக்கின்மேல் கைவைத்துச் சத்தியமே செய்தார். அப்புறம் யாருக்கோ தோன்றியது, அப்படியானால் நம் முப்பாட்டன்மார் அந்தக் காலத்திலேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டிருக்கிறார்களே என்று. இந்தச் சம்பந்தம் போன நூற்றாண்டிலேயே நிச்சயமாகிவிட்டதே என்று. நைனா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் அவரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் தட்டை எடுக்கக் குனிந்தார்கள்.

"தம்பி," என்றார் பெரியத்தை, படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அவரு எந்தக் கையில குடுக்குறாரு பாரு."

எல்லோரும் பார்த்தார்கள். வலது கையில் தடி. வெற்றிலை நீட்டியது இடது கை.

எங்கள் பக்கத்தில் இடது கையால் தாம்பூலம் கொடுப்பதென்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். அதற்குப் பதிலாகச் செருப்பைக் கழற்றி அடித்துவிடலாம். அடிபட்டவன் மறந்துவிடுவான்.

"எங்க முப்பாட்டனுக்கு இடக்கையில தாம்பூலமா?" என்றார் நைனா.

மாமனார் மறுபடி மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். "கிட்டப் போய்ப் பாத்தா மூக்கு வேற மாதிரி கீது," என்றார். "இது எங்க ஆளு இல்ல."

"இப்போதானே சத்தியம் பண்ணே?"

"அப்போ வெளிச்சம் சரியா இல்ல."

அவ்வளவுதான். தட்டுகள் மாறவில்லை. வந்தவர்கள் வண்டியேறிப் போய்விட்டார்கள். வெற்றிலையெல்லாம் வாடிய பிறகு அம்மா அதை மாட்டுக்குப் போட்டாள்.

அதன் பிறகு ஆள் மாற்றி ஆள் விட்டுப் பேச்சு நடந்தது. அவர்கள் முப்பாட்டன் செய்த அவமரியாதைக்கு நூம்பல்காரர் எங்கள் வீட்டுப் படத்துக்கு முன்னால் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் நைனா. எங்கள் முப்பாட்டன் காரணம் இல்லாமல் அப்படிச் செய்திருக்க மாட்டார், உங்கள் ஆள் என்ன செய்தாரோ என்று பதில் வந்தது. என் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவர், மன்னிப்பு என்ற பேச்சு வந்ததும் முப்பாட்டனை மறுபடி எடுத்துக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் அன்றைக்கு என்ன தப்புச் செய்திருப்பார் என்று எங்கள் தெருவிலேயே ஆராய்ச்சி நடந்தது. வாய்க்கால் தகராறு என்றார்கள் சிலர். நாய் கடித்திருக்கும் என்றார்கள் சிலர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நைனா தை மாதம் வரைக்கும் பார்ப்பாராம், நூம்பல் சரிப்படாவிட்டால் என் அம்மாவின் தம்பிக்கே என்னைக் கொடுத்துவிடுவாராம். என் மாமா நல்லவர்தான். ஆனால் அவர் மாட்டை அடிக்கிறவர். அவர் மாடு படுத்தால் அதற்குப் பக்கத்தில் உட்கார மாட்டார். நான் யாரிடம் போய் இதைச் சொல்வேன்?

கோபத்தில் தினமும் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்று முறைத்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்த பிறகு, ஒருநாள் ஓரத்தில் போகிற அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பாவம், அவளை யாரும் கவனிக்கவே இல்லை. மூக்குக்கும் காதுக்கும் அடித்துக்கொண்ட கூட்டத்தில், இவள் யார் வீட்டுப் பெண் என்று ஒருத்தர் கேட்கவில்லையே என்று தோன்றியது. பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு இடுப்பு கூசியது. அவள் குடத்தை வலது இடுப்பில் வைத்திருந்தாள்.

எந்தப் பெண் வலது இடுப்பில் குடம் வைப்பாள்? குடம் இடது இடுப்பில், இடது கை குடத்தின் கழுத்தைச் சுற்றி. வலது கை சும்மா இருக்க வேண்டும், கதவைத் திறக்க, குழந்தையை இழுக்க, கரை ஏறும்போது புடவையைத் தூக்கிப் பிடிக்க. இந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணையும் தூக்கத்தில் எழுப்பிக் குடத்தைக் கொடுத்தாலும் இடது இடுப்புக்குத்தான் போகும். அப்படியானால் இந்தப் படத்தில் எல்லாமே பக்கம் மாறியிருக்கிறது. அவள் குடம் மாறியிருந்தால் அவர் கையும் மாறித்தானே இருக்கும்?

ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன். அவர் படத்தையும் என்னையும் பார்த்தார்.

"பொம்பள இடுப்பு பொம்பள சமாச்சாரம்," என்றார். "இங்க ஆம்பள கையைப் பத்திப் பேசிகினு கீறோம்."

"ரெண்டும் ஒரே படம்தானே நைனா?"

"அதான் சொல்றேன். நூம்பல்ல பொம்பளைங்களும் அப்டித்தான் போல. ஊரே இடக்கை ஊரு. தப்பிச்சே நீ."

நான் சுவரில் முட்டிக்கொள்ளாததுதான் பாக்கி. அம்மாவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. அவள் தன் இடுப்பில் குடம் இல்லாமலேயே வைத்துப் பார்த்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அப்புறம் நைனாவைக் கிளப்பி, பூந்தமல்லி மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியாரைக் கூட்டிவரச் செய்தாள். படித்தவர் வாயால் கேட்டால் அது இடது கைதான் என்று நிரூபணமாகிவிடும் என்று சொல்லித்தான் அவரை அனுப்பினாள். நூம்பலுக்கும் ஆள் போனது. அவர்களோ, அது இடது கை இல்லை என்று நிரூபணமாகும் என்று நம்பி வந்து உட்கார்ந்தார்கள்.

வாத்தியார் கோட்டுப் போட்ட ஒல்லியான கிறிஸ்தவர், மெதுவாகப் பேசுகிறவர். படத்தைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. செப்புத் தகட்டில் மெழுகு பூசுவார்கள், அதன்மேல் ஊசியால் கீறி வரைவார்கள், தகட்டைத் திராவகத்தில் போட்டால் கீறின இடத்தை மட்டும் அது அரித்துவிடும், அந்தப் பள்ளத்தில் மையைத் தேய்த்து, காகிதத்தை மேலே வைத்து அழுத்தினால் இந்தப் படம் என்றார். ஜனங்கள் திராவகத்தை நினைத்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"படம் போட்டவர், கண்ணால் பார்த்ததைத் தகட்டில் அப்படியே வரைந்திருக்கிறார். அச்சடிக்கும்போது வலது இடதாகிவிட்டது," என்றார் வாத்தியார். யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். களத்தில் நெற்குவியலை யாரும் திருடாமல் இருக்க அதன்மேல் சாணிப்பாலில் தொட்டுக் குறிபோடுகிற மரமுத்திரை மூலையில் கிடந்தது. அதை எடுத்துக் காட்டினார். கட்டையில் எழுத்து திரும்பியிருக்கும், குவியல்மேல் பதிந்தால் நேராக வரும். அதை எல்லோரும் ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். கூடத்தில் எல்லோரும் ஒரே மூச்சாக "ஓ" என்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாத்தியாருக்குக் கோயில் கட்டலாம் என்று இருந்தது, அவர் கிறிஸ்தவர் என்பதையும் மறந்து.

நைனா துள்ளி எழுந்தார். "அப்போ எல்லாமே மாறிக் கீது!"

"ஆமாம்," என்றார் வாத்தியார்.

"இந்தப் பக்கம் நிக்கிறவரு, நெஜத்துல அந்தப் பக்கம். அந்தப் பக்கம் குந்திகினு கீறவரு, நெஜத்துல இந்தப் பக்கம்."

"ஆமாம்."

"அப்போ நிக்கிறவரு எங்க முப்பாட்டன். குந்திகினு கீறவரு சம்பந்தியோட முப்பாட்டன்!"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "ஆள் மாற மாட்டாருங்க. பக்கம்தான் மாறும்."

"அது எப்டி வாத்தியாரே? பந்தியில எலை மாறிப்போனா சோறும் கூடவே மாறுதா இல்லியா?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் படித்த புத்தகத்தில் பந்தியைப் பற்றி இருந்திருக்காது. மாமனாரோ தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நைனா சொன்னது நியாயமாகப் பட்டது. அதற்குள் நைனாவின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் சொன்ன கணக்குப்படி, இடது கையால் வெற்றிலை கொடுத்தவர் இப்போது எங்கள் ஆள். கையும் மாறியிருக்கும் என்பது மட்டும் அந்த மூளையில் ஏறவே இல்லை. ஆனால் என் நைனா ஒரு விஷயத்தில் யோக்கியர். அடுத்தவனுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று கிடையாது. எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாமனாருக்கு முன்னால் கைகூப்பினார்.

"எங்க முப்பாட்டன் பண்ணது தப்புதான். அவரு சார்புல மன்னிச்சிக்கணும்."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "மொதல்ல அவரை எங்க ஆளுன்னு நானும்தானே சத்தியம் பண்ணேன்? பாதித் தப்பு எங்களுது," என்று அவரும் கைகூப்பினார். நடக்காத ஒரு அவமரியாதைக்கு இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். வாத்தியார் ஒரு விரலைத் தூக்கினார், "ஆனால் கையும்" என்று ஆரம்பித்தார். நான் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அம்மா ஒரு தட்டு நிறைய அதிரசத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்து, "சாப்பிடுங்க, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டாள். நல்ல மனுஷர். புரிந்துகொண்டு சாப்பிட்டார்.

இத்தோடு விட்டிருக்கலாம். நைனாவுக்குத் திருப்தி வரவில்லை. பிற்காலத்தில் எவனும் நம் சந்ததியைப் பார்த்து இடக்கை என்று சொல்லக்கூடாது, அதே மாதிரி ஏரிக்கரையில் நின்று வலது கையால் தாம்பூலம் கொடுத்து, அதைப் போட்டோ பிடித்து மாட்டவேண்டும் என்றார். பூந்தமல்லியில் பட்டாளத்துச் சிப்பாய்களைப் படம் பிடிக்கிற ஒருவரை அழைத்தார்கள். நிச்சயதார்த்தம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில், பனைமரத்துக்குக் கீழே. கயிற்றுக்கட்டில் வந்தது. மாமனார் அதில் உட்கார்ந்தார். நைனா தலைப்பாகை கட்டி, இடது கையில் தடியோடு நின்றார். படத்தில் உள்ளது ஒன்றும் குறையக்கூடாது என்று நாயையும் பிடித்துவந்தார்கள். குடத்தோடு ஒரு பெண் வேண்டுமே என்றார் நைனா. எல்லோரும் வர மாட்டேன் என்றார்கள், போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று. கடைசியில் பட்டுப்புடவையோடு என்னையே குடத்தைத் தூக்கச் சொன்னார்கள். நிச்சயதார்த்தத்தன்று தண்ணீர்க்குடம் தூக்கிய பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வழக்கம் இல்லாவிட்டாலும் மாப்பிள்ளை அன்றைக்கு வந்திருந்தார். அவருக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். நாய் ஓடாமல் கேமராவையே பார்க்கவேண்டும் என்று, போட்டோக்காரருக்குப் பக்கத்தில் ஒரு கருவாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியது. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, மூச்சு விடாதீர்கள் என்றார். மாமனார் மூச்சைப் பிடித்த பிடியில் மீசை நடுங்கியது. நாய் கருவாட்டைப் பார்த்தது. நான் கருவாட்டுக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

தையில் கல்யாணம் ஆயிற்று. நூம்பலுக்கு வந்துவிட்டேன். போட்டோக்காரருக்குப் பட்டாளத்து வேலை நிறைய, படம் வந்து சேர வெயில் காலம் ஆகிவிட்டது. அதைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு நைனாவே வந்தார். அக்குளில் பழைய படமும். இரண்டையும் மகள் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டவேண்டும் என்று ஆசை அவருக்கு. புதுப்படத்தின்மேல் சுற்றியிருந்த துணியை மாமனார் பிரித்தார். எல்லோரும் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அழகாகத்தான் இருந்தார்கள். மாமனார் தன் மீசையைப் பார்த்துத் தடவிக்கொண்டார்.

"தம்பி," என்றார் பெரியத்தை, "எந்தக் கையில குடுக்குறாரு பாரு."

நைனா வலது கையில் தடியை ஊன்றி, இடது கையால் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

போட்டோக்காரர் கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சடித்துவிட்டார், வேறொன்றும் இல்லை. ஆனால் மாமனார் பேயாட்டம் ஆடினார். "எனக்கு இடக்கையில குடுத்துட்டு, அதைப் படம் புடிச்சி, என் ஊட்டுக்கே கொண்டாந்து மாட்டறியா?" என்றார். அன்றைக்கு ஏரிக்கரையில் ஊரே நின்று பார்த்தது. அந்த வெற்றிலையை வலது கையிலிருந்து வாங்கியதே அவர்தான். மென்றதும் அவர்தான். அதெல்லாம் காற்றோடு போயிற்று, படம் சொன்னதே உண்மையாயிற்று. இதைவிடக் கொடுமை என் நைனா. அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலக்கையாலதான் குடுத்தேன்னு நெனச்சேனே," என்றார். "பேஜாரா கீதே. படம் பொய் சொல்லுமா?"

"வண்டியைப் பூட்டு," என்றார் மாமனார். "உன் பொண்ணைக் கூட்டிகினு போ. இதுக்கு ஒரு முடிவு தெரியற வரைக்கும் அவ உங்க ஊட்டுலயே கெடக்கட்டும்."

கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். விஷயம் என்னவென்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தில் என் குடம் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். "நீ உள்ள போ," என்றார் பெரியத்தை. புது மருமகள் மாமனார் எதிரில் பேசக் கூடாது. எனக்கு அந்த இரண்டு படங்களையும் அடுப்பில் வைக்கலாம் போல இருந்தது. என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? வெளியே நைனா நிஜமாகவே வண்டி பூட்டப் போய்விட்டார்.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் வயலிலிருந்து முழங்கால் சேற்றோடு வந்தார். யாரும் அவருக்கு ஒன்றும் விளக்கமாகச் சொல்லவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். கையைப் பார்க்கவில்லை. பார்வை ஓரத்தில் இருந்தது.

"இவ குடம் இன்னா வலது இடுப்புல கீது?" என்றார்.

"இப்போ குடமா முக்கியம்?" என்றார் மாமனார்.

"நைனா," என்றார் அவர் தன் அப்பாவிடம், "நான் அன்னிக்கிக் கருவாட்டைப் புடிச்சிகினு எதிர்லயே நின்னேன். எம்மா நேரம் நின்னேன்! அவ இடது இடுப்புலதான் வெச்சிகினு இருந்தா. இப்பவும் தெனம் ஏரிக்குப் போறாளே, ஒருநாளாவது வலதுல வெச்சிப் பாத்துக்கீறியா? படம் திரும்பிகினு கீது. அவ்ளோதான்."

மாமனார் படத்தை வாங்கிப் பார்த்தார். பெரியத்தை தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆமாம் இல்ல?" என்றார். நைனா, கையில் நுகத்தடிக் கயிற்றோடு வாசலில் நின்றுகொண்டு, "இதைத்தானே எம்பொண்ணு அப்பவே சொல்லிச்சு!" என்றார். அப்போது என்ன பதில் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது எனக்கு. நான் சொன்ன அதே சொல்தான், வேறு வாயில் வந்தால் உடனே ஏறுகிறது. அதோடு கூடவே சந்தோஷமும் வந்து, அடுக்களையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நான் எந்த இடுப்பில் குடம் வைப்பேன் என்று ஒரு ஆள் பார்த்து வைத்திருக்கிறார்.

நைனா இரண்டு படங்களையும் மாட்டிவிட்டுத்தான் போனார். எல்லோரும் அடங்கின பிறகு, என் வீட்டுக்காரர் காலைக் கழுவிவிட்டு வந்து பழைய படத்துக்கு முன்னால் நின்றார். அந்தப் படத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவருக்கு மூக்கு, காது எதுவும் கண்ணில் படவில்லை.

"குடம் எடுத்துகினு போவுதே, இந்தம்மா யாரு?" என்றார்.

"யாருக்குத் தெரியும்? யாரும் கேக்கலை."

"உங்க ஊட்டு ஆளா, எங்க ஊட்டு ஆளா?"

"நான்தான் மொதல்ல பாத்தேன்," என்றேன். "என் ஆளு."

"சரி, வெச்சிக்கோ," என்றார்.

அடுத்த அமாவாசைக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டு போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றேன். கட்டிலில் இருந்தவருக்கும் வைக்கவில்லை, நின்றவருக்கும் வைக்கவில்லை. அவளுக்கு மட்டும் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்க ஏரிக்குப் போனேன்.